அடுத்த பொங்கல் ஊர்லதான்

1

இந்த நாட்டில் புத்தாண்டு வாழ்த்தை ஜனவரி முப்பத்தொன்று வரைக்கும் சொல்லலாம். முதல் தேதி பார்க்காத ஆளை இருபத்தைந்தாம் தேதி படிக்கட்டில் பார்த்தாலும் நின்று கையைக் குலுக்கி, "எல்லாத்தையும் விட உடம்பு நல்லா இருக்கணும்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆகவே இருபத்தெட்டாம் தேதியான இன்று நான் இந்தப் பத்திரிகை வழியாக உங்களுக்கு வாழ்த்துச் சொல்வதில் தாமதம் ஒன்றும் இல்லை. எல்லோரும் நன்றாக இருங்கள். போன வருஷமாக இருந்தால் "நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்" என்று எழுதியிருப்பேன். இந்த வருஷம் நான் மட்டும்தான் வாழ்த்துகிறேன். அவர் குரும்பகரத்தில் இருக்கிறார்.

நான் வசந்தா. பிறந்தது திருநள்ளாறு பக்கம், வாழ்க்கைப்பட்டது குரும்பகரத்தில். வீட்டுக்காரர் பெயர் கலியபெருமாள். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அவருக்குப் பிறந்தபோதே அந்தக் குடியுரிமை; கல்யாணம் ஆனதால் எனக்கும். காரைக்கால்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பத்தெட்டு வருஷமாகப் பாரிசுக்கு வெளியே ஒரு ஊரில், ஐந்தாவது மாடியில், வாடகை வீட்டில் இருக்கிறோம். அவர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறிப் பாத்திரம் கழுவி, போன ஜூன் மாதம் ஓய்வுபெற்றேன்.

எனக்கு எதிரே மேசைமேல் ஒரு தாள் கிடக்கிறது. இந்த வீட்டை வாடகைக்கு விட்ட அலுவலகம் அனுப்பியது. வீட்டைக் காலி செய்வதாக என் கணவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவியும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும், சம்மதமானால் முப்பத்தொன்றாம் தேதிக்குள் போட்டு அனுப்புங்கள் என்கிறது தாள். போட்டால் வீடு போய்விடும், நான் குரும்பகரத்துக்கே போய்விட வேண்டும். போடாவிட்டால் வீடு இருக்கும், அவர் இருக்க மாட்டார். இன்னும் மூன்று நாள். பேனாவைப் பார்த்தாலே ஆத்திரமாக வருகிறது.

2

நம் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய வீடுகளில் புத்தாண்டன்று ஒரு பேச்சு உண்டு. காலையில் சாமி கும்பிட்டு, கேசரி கிண்டி, ஊருக்குப் போன் போட்டு ஒவ்வொருவரிடமாகச் சொல்வோம்: "அடுத்த பொங்கல் ஊர்லதான்." போனில் அந்தப் பக்கம் இருப்பவர்களும், "வாங்க வாங்க, வந்து சேருங்க" என்பார்கள். அதோடு போனை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம்.

வந்த முதல் வருஷம் போன் கூண்டில் நாணயத்தைப் போட்டுக்கொண்டே, பல் கிட்டிக்கும் குளிரில், மாமியாரிடம் அதைச் சொல்லி அழுதேன். "அத்தை, அடுத்த பொங்கலுக்கு உங்ககூடதான் இருப்போம்." மனசாரச் சொன்னேன். அடுத்த நாலைந்து வருஷமும் மனசாரத்தான் சொன்னேன். பிறகு எந்த வருஷம் அது வெறும் வார்த்தையாக ஆனது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. பிள்ளை தும்மினால் "நூறு" என்று சொல்கிறோமே, அது மாதிரி வாயிலிருந்து தானாக வந்துகொண்டிருந்தது.

விடுமுறைக்கு ஒரு மாதம் போய்வருவோம்; சொன்னபடி ஊரோடு போய்விடாமல் இருக்க வருஷாவருஷம் ஒரு காரணமும் கிடைத்தது. மீனா எங்கள் ஒரே பெண். அவள் பள்ளிக்கூடம், அவள் பரீட்சை, அவள் கல்யாணம், அவள் பிரசவம், கடைசியாக என் வேலை. அந்தக் காரணங்களுக்கெல்லாம் நான் உள்ளூர நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் எனக்கே புரிகிறது.

அவர் கதை வேறு. முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த வீட்டுக்கு ஒரு நல்ல சோபா வாங்க விட்டாரா மனுஷன்? "போம்போது தூக்கிக்கிட்டா போகப் போறோம்?" சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்றால், "அடுத்து வர்றவன் அடிச்சுக்குவான்." நகராட்சியில் சும்மா சொல்லிக்கொடுக்கிறார்கள், பிரெஞ்சு வகுப்புக்குப் போங்கள் என்று எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டேன்! "ரெண்டு வருஷம் இருக்கறதுக்கு இலக்கணம் எதுக்கு?" அவருக்குத் தெரிந்ததெல்லாம் சலவைக்கூடத்துப் பிரெஞ்சு. ஈரம், சூடு, மூட்டை, நாளைக்கு. டாக்டரிடம் அவர் வயிற்றுவலியை நான்தான் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரர் இருபது வருஷமாக எதிரே இருக்கிறார், பெயர் தெரியாது, "அந்தத் தொப்பிக்காரன்" என்பார். நான் எத்தனையோ கேலி செய்திருக்கிறேன். இப்படியும் ஒரு ஆள் ஒரு ஊரில் இருப்பாரா என்று பிள்ளை எதிரிலேயே கேட்டிருக்கிறேன்.

3

டிசம்பர் நடுவில் ஊருக்குப் போனோம். பொங்கல் முடித்துத் திரும்புவதாக டிக்கெட். குரும்பகரத்தில் கொழுந்தனார் வீட்டை ஒட்டி நாங்களும் ஒரு வீடு கட்டிப் போட்டிருக்கிறோம். வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும். இந்தத் தடவை கதவைத் திறந்தால் நடுக்கூடத்தில் புது ஃபிரிட்ஜ் நிற்கிறது, இரட்டைக் கதவு, என் உயரத்துக்கு.

"அஞ்சு வாரத்துக்கு எதுக்குங்க இவ்வளவு பெருசு?" என்று கேட்டேன்.

"ஆஃபர்ல கெடைச்சுது," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவருக்குப் பொய் சொல்ல வராது. காதோரம் சிவந்துவிடும். ஆனால் நான் பயணக் களைப்பில் மேலே கேட்கவில்லை.

மறுநாள் ஓரகத்தி செல்வி இரண்டு மல்லிகைக் கன்றோடு வந்தாள். "அக்கா, ஒங்க வாசல்ல நட்டுக்குங்க. ஆறு மாசத்துல பூ எடுக்கலாம்."

"ஆறு மாசத்துல நான் எங்க இருப்பேனோ," என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

ஜனவரி முதல் தேதி காலை தெரு முழுக்கக் கலர்ப்பொடிக் கோலம். ஒரு வாசலில் போன வருஷத்து எண்ணைப் போட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஸ்வீட் பாக்ஸோடு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தொன்பது வயசு ஆளுக்கு அப்படி ஒரு துள்ளல். பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரோடவே வந்துட்டீங்களாமே! நல்ல காரியம் பண்ணுனீங்க" என்றார்கள். நானும் பழக்கதோஷத்தில், "ஆமா, வந்துட வேண்டியதுதான்" என்று தலையாட்டினேன். கடவுளே, அன்றைக்குக்கூட எனக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் மீனா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் இங்கேயே பிறந்தவள், மாப்பிள்ளை இந்த ஊர்க்காரர். பேத்திக்குத் தமிழில் வா, போதும், அம்மாச்சி என்று மூன்று சொல் தெரியும். நாங்கள் ஊருக்குப் போனால் எங்கள் தபாலை மீனாதான் எடுத்துப் பார்ப்பாள்.

"அம்மா, வீட்டு ஆபீஸ்லேந்து லெட்டர் வந்திருக்கு. அப்பா போட்டது ஓகே. உன்னது இல்ல. நீ கீழ உன் பேர் எழுதணும்."

"எதுக்குடி?"

"வீடு திருப்பிக் குடுக்கறதுக்கு."

"எந்த வீட்டை?"

அவள் திரைக்குக் கிட்டே வந்தாள். பிறகு பிரெஞ்சில் கேட்டாள், "அம்மா, உனக்குத் தெரியாதா?" முக்கியமான எதுவும் அவளுக்குப் பிரெஞ்சில்தான் வரும்.

விஷயம் இதுதான். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் அவர் மீனா வீட்டுக்குப் போயிருக்கிறார். நாங்கள் முடிவு பண்ணிவிட்டோம், ஊரோடு போகிறோம், அலுவலகத்துக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறார். அவளும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்துவிட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நான் பொறந்ததுலேந்து நீ அதான சொல்ற?"

4

கொல்லைக்கு அந்தப் பக்கம் சம்பா வயல். கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. வரப்பில் அவரும் கொழுந்தனாரும் நின்று அறுப்பு மெஷின் எந்தத் தேதிக்கு வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்புக்கூடப் போடாமல் போய் நின்றேன்.

"என்னாங்க, வீட்டைக் காலி பண்றேன்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"அப்புறம் பேசலாம்."

"இப்பப் பேசுங்க."

கொழுந்தனார் இங்கிதம் தெரிந்தவர். மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார்.

"ஆமா, குடுத்தேன். இன்னைக்கு சாயந்தரம் எல்லாரையும் வெச்சுக்கிட்டு ஒன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்," என்றார். "புது வருஷமும் அதுவுமா சொன்னா நீ சந்தோஷப்படுவேன்னு."

"என்னைக் கேக்காமயா?"

"ஒன்னைக் கேக்காமயா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "எங்கம்மாகிட்ட சொன்னது யாரு? அவங்க கண்ணை மூடுற வரைக்கும் சொன்னது யாரு? போன வருஷம் ஒண்ணாந்தேதி தம்பிக்கிட்ட போன்ல, 'நான் ரிட்டயர் ஆனவொடனே வந்துடுவோம்'னு சொன்னது யாரு? நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்? இன்னும் என்னா வசந்தா கேக்கணும்?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க."

"பேச்சுக்கா?"

"எல்லாரும்தான சொல்றாங்க. பாண்டிக்காரங்க சொல்லல? நம்ம மாடியில இருக்கறவங்க சொல்லல? யாரு வந்துட்டா?"

"நான் பேச்சுக்குச் சொல்லல," என்றார்.

அதற்குமேல் நான் கத்தினேன். எழுத முடியாத வார்த்தைகள் இரண்டு மூன்று வந்தன. என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது, போடவும் மாட்டேன் என்றேன். அவர் இடித்த புளி மாதிரி நின்றார். காலையில் கட்டிய புது வேட்டியின் கரையில் சேறு. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

5

நான்கு நாள் பேச்சு இல்லை. செல்வி குழம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போவாள். ஐந்தாவது நாள் காலையில் காப்பி கொடுத்தபோது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

போன மாசி மாதம் எங்கள் குடியிருப்பில் பாகூர்க்காரர் ஒருவர் இறந்துபோனார். அவருக்கு இவரைவிட இரண்டு வயசு குறைவு. தகனத்துக்கு இடம் கிடைக்கப் பன்னிரண்டு நாள் காத்திருந்தார்கள். பெட்டியை வைத்து அழுவதற்கு ஒரு ஹால் கொடுத்தார்கள்.

"நாப்பது நிமிஷம் வசந்தா," என்றார். "வெளில அடுத்த கூட்டம் பூவோட நிக்குது. அவரு சம்சாரம் அழுதுக்கிட்டே சுவத்துக் கடியாரத்தைப் பாத்தாங்க. நான் பாத்தேன். என்னைய அப்புடி அனுப்பாத. பன்னெண்டு நாளு ஐஸ்ல போட்டு வெக்காத."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் எனக்கு முன்னால் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழவும் இல்லை. காப்பியைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இங்க இருந்தா என்னா கொறைஞ்சுடும்? உயிரோட இருக்கேன்னு வருஷத்துக்கு ஒரு பப்பியே அனுப்பிச்சா பென்ஷன் வந்துடப் போவுது," என்றார். எங்கள் ஆட்களுக்குக் காகிதம், தாள், பத்திரம் எல்லாமே பப்பியேதான்.

"நீங்க சாவுறதைப் பத்தியே பேசுறீங்க. நான் இன்னும் இருக்கப்போற வருஷத்தைப் பத்திப் பேசுறேன். ஒங்களுக்கு அங்க சாவப் பயம். எனக்கு இங்க இருக்கப் பயம்."

"இங்க என்னா பயம்? எல்லாரும் இருக்காங்களே!"

"அதாங்க பயம்."

6

அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

மறுநாள் காரைக்காலுக்குப் பஸ் ஏறிப் போனேன். கண்ணாடிக்கு ஒரு ஸ்க்ரூ போட வேண்டும், அவ்வளவுதான். தெருமுனையில் ஒருவர், "தனியாவா போறீங்க?" பஸ்ஸில் ஒருவர், "அண்ணன் வரலியா?" கடைத்தெருவில் தெரிந்தவர் ஒருவர், "ஒடம்பு கிடம்பு சரியில்லையா, யாரையாவது அனுப்பியிருக்கலாமே?" ஒரு மணி நேரத்தில் திரும்பினால் கொழுந்தனார் வாசலில் வண்டிச் சாவியோடு நிற்கிறார். "சொல்லியிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருப்பேனே அண்ணி." யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் தங்கமானவர்கள். அந்த அன்பில் எனக்கு மூச்சு முட்டியது. குரும்பகரத்தில் எனக்கு இருப்பது, நாங்கள் கட்டியதே ஆனாலும், என் மாமனார் குடும்பத்து வீடு. திருநள்ளாற்றுப் பக்கம் இருப்பது என் அப்பா வீடு, இப்போது தம்பி வீடு. இந்த வயசில் மறுபடியும் மருமகளாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

இங்கே செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான் ஒரு பையை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறுவேன். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எங்கே போகிறேன் தெரியுமா? நீச்சலுக்கு! ஊரில் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது அச்சிலேயே சொல்லிவிட்டேன், போகட்டும். வாய்க்காலும் குளமுமாக இருக்கிற ஊரில் பிறந்து, தண்ணீரில் இறங்கினால் அடி விழும் என்று வளர்ந்தவள் நான். ஐம்பத்தெட்டு வயசில் நகராட்சி நீச்சல் குளத்தில், நீச்சலுடை போட்டுக்கொண்டு, என்னைவிட மூத்த நாலு பெண்களோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கக் கற்றேன். முதல் நாள் வெட்கத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே தண்ணீரில் இறங்கிவிட்டேன். சொல்லிக்கொடுக்கிற பெண் சிரித்து, துண்டை வாங்கிக் காயவைத்தாள். இப்போது கம்பியை விட்டுவிட்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவேன். நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். அந்த நேரத்தில் நான் யாருக்கும் யாரும் இல்லை. இதைப் போய்க் கலியபெருமாளிடம் எந்த வார்த்தையில் சொல்வது? நீச்சல் பழகுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். முட்டிவலிக்கு நல்லது, டாக்டர் சொன்னார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பாதிப் பொய்.

7

பொங்கல் வந்தது, போனது. இரண்டு வீட்டுக்கும் ஒரே பானை. பொங்கி வழிந்தபோது எல்லோரும் கூவினார்கள், நானும் கூவினேன். யாரோ ஒருவர், "அண்ணி சொன்னபடி இந்தப் பொங்கல் நம்ம ஊர்லயே வந்துடுச்சு" என்றார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கிளம்புகிற நாள் கார் வந்தது. ஒரு பெட்டிதான். அவர் தன் பெட்டியைக் கட்டவே இல்லை. என் பெட்டிக்கு மட்டும் பச்சைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்.

"நீ போயிட்டு வா. தாளு மீனாகிட்ட இருக்கு. போட்டுட்டேன்னா வேணுங்கறதை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துடு. மத்ததை யாருக்காவது குடுத்துடு," என்றார்.

"போடலன்னா?"

முடிச்சை மறுபடி ஒரு தடவை இறுக்கினார். செல்வி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சீக்கிரம் வந்துடுங்கக்கா." வாய் திறந்தால் பழைய பேச்சு வந்துவிடும் என்று நான் தலையை மட்டும் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

இங்கே வந்து இரண்டு நாளில் அந்த அலுவலகத்துக்குப் போனேன். நம்பர் சீட்டு வாங்கி முக்கால் மணி நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னப் பெண், மீனாவைவிடப் பத்து வயசு குறைவு இருக்கும். எல்லாவற்றையும் விளக்கினேன். என் கணவர் வேலை, என் கணவர் ஊர், என் கணவர் உடம்பு, என் கணவர் ஆசை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா, ஐயா என்ன விரும்புகிறார் என்பது அவர் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் போக விரும்புகிறீர்களா, இருக்க விரும்புகிறீர்களா?"

"என் கணவர்..." என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"அவரைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறேன்."

முப்பத்தெட்டு வருஷமாக இந்த நாட்டின் பாஷை பேசுகிறேன். ரசீது, வாடகை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் குடும்பத்துக்கே வாயாக இருந்தவள். அந்தக் கேள்விக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. அவளுக்கென்ன, கேட்டுவிட்டாள்.

மீனாவிடம் போனேன். "நீ என்ன சொல்ற?" என்றேன். அவள் என் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அம்மா. முன்ன ஒரு லெட்டர் எழுதினேன், போதும்," என்றாள். அதுவும் சரிதான்.

8

இதை எழுத ஆரம்பித்து இரண்டு நாள் ஆகிவிட்டது; இன்று காலை எழுந்ததும் முடிவு தெரிந்துவிட்டது. பெரிய யோசனையெல்லாம் இல்லை. பல் தேய்த்துக்கொண்டே, சனிக்கிழமை சந்தையில் என்ன வாங்க வேண்டும் என்று மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று என் மனது இங்கேயே நடந்துகொண்டிருந்தது. போகிறவளுக்கு அப்படி ஓடாது.

ஆனால் இந்தத் தடவை அவரிடம் முதலில் சொல்ல வேண்டும். சொல்லாமல் தாளைக் கையெழுத்தில்லாமல் விட்டுவிட்டால், அவர் டிசம்பரில் செய்ததைத்தான் நானும் செய்தவளாவேன். சோற்றை வடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் நாலரை. அறுப்பு மெஷின் சத்தம் கேட்டது. அவர் சத்தத்தைவிட்டுத் தள்ளி நடந்து வருவது மூச்சில் தெரிந்தது.

"என்னாங்க, நான் கையெழுத்துப் போடல."

"ம்."

"நான் வரல. இந்த வருஷம் மட்டும் இல்ல. அங்க வந்து இருக்கறதுக்கு வர மாட்டேன். பாக்க வருவேன். ஒங்களுக்கு முடியலன்னா ஓடி வருவேன். ஆனா இருக்க வர மாட்டேன்."

சொல்லிவிட்டேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது வரும்.

"எப்பலேந்து?" என்று கேட்டார்.

"என்னா எப்பலேந்து?"

"எப்பலேந்து வர வேண்டாம்னு இருக்கு ஒனக்கு?"

பொய் சொல்ல வழியிருந்தது. இப்போதுதான், இந்த வருஷம்தான் என்று சொல்லியிருக்கலாம். "மீனா பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்துலேந்து இருக்கும்," என்றேன்.

மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார் போல. மெஷின் சத்தத்துக்கு நடுவே, 'முப்பது வருஷத்துக்கு மேல' என்று முணுமுணுப்பது கேட்டது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே வசந்தா," என்றார். குரலில் கோபமே இல்லை. "சொல்லியிருந்தா நானும் அந்த ஊர்ல இருந்திருப்பேனே. பாஷையைக் கத்துக்கிட்டிருப்பேன். நாலு பேரைத் தெரிஞ்சுவெச்சிருப்பேன். நீ வருஷாவருஷம் போலாம் போலாம்னு சொன்னதால, நான் அங்க உக்காரவே இல்லையே."

அவரை எத்தனை கேலி செய்திருக்கிறேன்! அந்த மனுஷன் முப்பது வருஷத்துக்கு மேலாக என் ஒரு வார்த்தையை நம்பி, கிளம்பத் தயாராக நின்றுகொண்டே இருந்திருக்கிறார். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"சரி விடு, அழுவாத," என்றார். பிறகு, எப்போதும் கேட்கிற மாதிரி, "சாப்ட்டியா?" என்றார்.

சாப்ட்டேங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடுப்புமேல் சோறு மூடியபடி இருந்தது.

"இல்லைங்க," என்றேன்.

"போயிப் போட்டுக்க," என்றார். "நான் வெக்கல. லைன்லதான் இருக்கேன்."